தேக்காவில் வெள்ளமா? புக்கிட் தீமாவைப் பாருங்கள்

சிங்கப்பூரில் கனமழையின்போது எங்காவது சாலையில் தண்ணீர் நின்றால் போதும், கருத்துப் பெட்டி முழுக்க ஒரே வைத்தியம்தான்: கால்வாயை அகலமாக்கு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ரோச்சோர் கால்வாய்க்கு இரு பக்கமும் சாலை, அதைத் தாண்டினால் கட்டடம். எவ்வளவுதான் அகலமாக்குவது?

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவை ஒட்டி ஓடும் அந்தக் கால்வாய், மேலே புக்கிட் தீமாவில் பெய்த மழையைத்தான் காலாங் படுகைக்குக் கொண்டுபோகிறது. (ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரை நம்பித்தான் சிராங்கூன் பக்கம் மாட்டுப் பட்டிகள் இருந்தன. இப்போது பஃபலோ ரோடு என்ற பெயர்தான் மிச்சம்.) ஆகவே இங்கே வெள்ளம் வருமா வராதா என்பதில் பாதி, மேலே கால்வாய் பிரிகிற இடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முதல் பிரிவுக் கால்வாய் 1972ல் முடிந்தது. அது ஒரு பங்குத் தண்ணீரை மேற்கே உலு பாண்டானுக்குத் திருப்புகிறது. பிறகு வந்த இரண்டாவது, சுவிஸ் காட்டேஜ் பக்கம் பிரிந்து, சுரங்கம் வழியாகக் காலாங் ஆற்றில் சேர்கிறது. வேடிக்கை என்னவென்றால், காலாங் போன தண்ணீரும் ரோச்சோரில் வந்த தண்ணீரும் கடைசியில் ஒரே மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. பிறகு எதற்குப் பிரிக்கணும்? எல்லாம் ஒரே நேரத்தில் தேக்கா பக்கம் வந்து முட்டக் கூடாது, அதற்குத்தான்.

ஆனால் திருப்பிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. வாங்கிக்கொள்ளும் கால்வாயில் இடம் வேண்டும். அந்தப் பக்கமும் அதே நேரத்தில் கொட்டினால்? முதல் பிரிவுக் கால்வாயையே பின்னாளில் அகலமாக்க, ஆழமாக்க வேண்டி வந்தது. அகலமாக்கச் சொல்பவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறேன்.

ஆர்ச்சர்டு ரோட்டிலும் இதே கதைதான். 2010 வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டாம்ஃபர்டு கால்வாயின் மேல்பகுதித் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்ப ஒரு கால்வாய், கூடவே 38,000 கனமீட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி. இரண்டும் 2018ல் தயாராயின. மண்ணுக்கு அடியில் இருப்பதால் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. மரினா அணைக்கட்டின் 9 மதகுகளுக்குக் கிடைக்கிற பெயரில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளை அணைக்கட்டுக்கு அழைத்துப் போகிறோம், நல்லது. அப்படியே புக்கிட் தீமாவில் கால்வாய் பிரிகிற இடத்தையும் காட்டலாமே?

பொதுப் பயனீட்டுக் கழகம் கால்வாய்களின் நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. அடுத்த மழைக்குத் தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள் ரோச்சோரை மட்டும் பார்க்காதீர்கள், முதலில் புக்கிட் தீமா நிலவரத்தைப் பாருங்கள்.