'அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்'னு சொல்லி என் தலையில கட்டின முயல்

முயல் வளக்கறது ரொம்ப ஈஸின்னு மொதமொதல்ல கெளப்பி விட்டது யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் நாலு வார்த்தை நல்லா கேக்கணும் போல இருக்கு. "அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும், சத்தமே போடாது, கொஞ்சம் புல்லு போட்டா போதும், நாய் மாதிரி வாக்கிங் கூட்டிட்டு போற தொல்லைகூட இல்ல"ன்னு பாக்கறவங்க எல்லாம் ஒரே வசனத்தை ஒப்பிக்கறாங்க. இதுல ஒண்ணுகூட முழு உண்மை கெடையாது. சத்தம் போடாதாமே, நடுராத்திரி எதையோ கேட்டு பயந்து பின்னங்காலால தரையில 'டம்'னு ஒரு அடி அடிக்கும் பாருங்க, தூக்கம் அதோட போச்சு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், நான் முயல் கேக்கவே இல்ல. தெரிஞ்சவங்க வீட்டு பசங்களுக்கு பொறந்தநாளுக்கு யாரோ கிஃப்ட்டா குடுத்தது, பசங்களுக்கு அது சீக்கிரமே சலிச்சு போச்சு, உடனே "வீடு மாத்தறோம், கொஞ்ச நாளைக்கு மட்டும் வெச்சுக்கோங்க"ன்னு கூண்டோட கொண்டாந்து வெச்சுட்டு போனாங்க. அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கறதில்ல, தப்பித்தவறி எடுத்தா "உங்ககிட்டதான் நல்லா பழகிடுச்சே, அங்கயே இருக்கட்டும்"ங்கறாங்க. பழகிடுச்சாம்! என்னை பாத்தா இன்னமும் சோபாவுக்கு அடியில ஓடுது. முயல் 8 வருஷத்துலேர்ந்து 12 வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கற ஜீவன், கிஃப்ட் வாங்குன பையன் ஸ்கூல் முடிக்கற வரைக்கும் கூட இருக்கும், இதை பலூன் கேக்கோட சேத்து குடுக்கற பழக்கம் எப்படித்தான் வந்துச்சோ.

கூட வந்த கூண்டை பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அடியில வெறும் கம்பி வலை. நாய் பூனை பாதத்துல மெத்துன்னு சதை இருக்கும், முயலுக்கு அது கெடையாது, வெறும் முடிதான், அதை கம்பி மேல நாள் முழுக்க நிக்க வெச்சா குதிகால்ல முடி உதிர்ந்து தோல் கிழிஞ்சு புண்ணாயிடும். இதுக்கும் ஆயிடுச்சு. அந்த கூண்டுக்குள்ள நிமிந்து நிக்கவும் முடியாது, ஒரு தாவு தாவவும் முடியாது, ஆனா கேட்டா "நல்லா வசதியாதான் வெச்சிருந்தோம்"னு பதில். இப்ப ஒரு ரூம்ல பாதியை அதுக்கே ஒதுக்கியாச்சு, வெளிய விட்டா சார்ஜர் வயரை ஒரே கடில துண்டு பண்ணுது, சரி அது அதோட பிறவி குணம், அதை திட்டி என்ன ஆகப்போகுது, வயரை மேல தூக்கி கட்டறது நம்ம வேலை.

சாப்பாடு விஷயம்தான் எனக்கு வயித்தெரிச்சலே. குடுத்துட்டு போனப்ப ஒரு பை கேரட்டும், கலர் கலரா விதையும் பருப்பும் கலந்த ஒரு பாக்கெட்டும் குடுத்தாங்க, "இதை மட்டும் போடுங்க போதும்"னாங்க. கார்ட்டூன்ல முயல் கேரட் கடிக்கறதை பாத்துட்டு மொத்த உலகமும் அதையே வேதமா எடுத்துக்கிச்சு போல! கேரட்டுங்கறது முயலுக்கு மிட்டாய், சக்கரை ஜாஸ்தி, என்னிக்காவது ஒரு சின்ன துண்டு குடுக்கலாம், அவ்ளோதான். அது சாப்பிடறதுல 80 சதவீதத்துக்கு மேல காய்ஞ்ச புல்லா இருக்கணும், டிமோதி ஹேன்னு விக்கறாங்களே அது மாதிரி, நாள் பூரா தீராம முன்னாடி கெடக்கணும், அதுக்கு மேலதான் இலை தழை, கடைசில கொஞ்சூண்டு பெல்லட், அதான் சின்ன சின்ன துண்டா அமுக்கி செஞ்ச தீனி. ஏன்னா அதோட பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், முன்பல்லு வாரத்துக்கு சுமாரா 2 மில்லிமீட்டர், கடவாப்பல்லும் நிக்காம வளரும், புல்லை போட்டு மணிக்கணக்கா அரைச்சாத்தான் அது தேயும். தேயலைன்னா பல்லு வளைஞ்சு நாக்குலயும் கன்னத்துலயும் குத்தி, பசி இருந்தும் திங்க முடியாம கெடக்கும்.

திங்கலைன்னா என்ன ஆகும் தெரியுமா? இதை ஒருத்தர்கூட எனக்கு சொல்லல. முயலால வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், 10-12 மணி நேரம் ஒண்ணும் திங்காம புழுக்கையும் போடாம இருந்துச்சுன்னா குடல் நின்னு போச்சுன்னு அர்த்தம், ஜி.ஐ. ஸ்டேசிஸ்னு சொல்வாங்க, காலையில பாத்துக்கலாம்னு தூங்கினா காலையில முயல் இருக்காது. வேட்டையாடப்படற ஜீவன் வேற, வலியை கடைசி வரைக்கும் வெளிய காட்டாது, சும்மா ஓரமா குந்திக்கிட்டு இருக்கும், நாம "சமத்தா உக்காந்திருக்கு"ன்னு நெனச்சுக்குவோம். அந்த 'மூலையில கெடக்கும்'ங்கறாங்களே, மூலையிலயே கெடந்தா அதுக்கு உடம்பு சரியில்லன்னுதான் மொதல்ல சந்தேகப்படணும்! அதனால என் பொழப்பு இப்ப புழுக்கை பாக்கற பொழப்பு ஆயிடுச்சு. ஒரு நாளைக்கு 200, 300 போடும், சைஸ் சிறுசா போச்சா, ஒண்ணோட ஒண்ணு முடியால கோத்துக்கிட்டு வருதா, நேத்தைக்கு விட கொறைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு நிக்கறேன். இதுல இன்னொரு வகை இருக்கு, பளபளன்னு கொத்தா வர்றது, செக்கோட்ரோப், அதை குனிஞ்சு வாயாலயே எடுத்து தின்னுடும், அதுல இருக்கற பி வைட்டமினும் புரதமும் அதுக்கு வேணும். வீட்டுக்கு வந்த ஒரு அக்கா அதை பாத்துட்டு "சீ சீ, என்னடா இது, இதை போய் வீட்டுக்குள்ள வெச்சிருக்க"ன்னு மொகத்தை சுளிச்சாங்க. அக்கா, அது தின்னா நான் நிம்மதியா தூங்குவேன், தின்னாம விட்டாத்தான் கவலை.

டாக்டர் கதை தனி. நாய்க்கு டாக்டர் இருக்காங்க, பூனைக்கு இருக்காங்க, முயல்னு சொன்னா போன்லயே ஒரு மௌனம். கால் புண்ணுக்கு கூட்டிட்டு போன எடத்துல "எலி வகைதானே"ன்னு ஆரம்பிச்சாரு ஒருத்தர். 1912லயே அதை எலி அணில் கூட்டத்துலேர்ந்து பிரிச்சு தனி வரிசையில வெச்சாச்சு, மேல் முன்பல்லுக்கு பின்னாடி இன்னொரு ஜோடி குட்டிப்பல்லு இருக்கும், எலிக்கு அது கெடையாது. சரி, இனத்தை தப்பா சொன்னா முயல் சாகாது, விட்டுடலாம். அடுத்து வாய்வழியா அமாக்ஸிசிலின் எழுத போனாரு பாருங்க, அங்கதான் எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு, பென்சிலின் வகையை முயலுக்கு வாய் வழியா குடுத்தா குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்து, கெட்ட கிருமி பெருகி, அந்த விஷத்துலயே முயல் போயிடும். உண்ணிக்கு நாய் கழுத்துல விடற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் இதுக்கு ஆகாது. மருந்துச்சீட்டை திருப்பி குடுத்துட்டு வந்தேன், அவருக்கு கோவம், இருக்கட்டும்.

இதை விட கொடுமை தெரிஞ்சவங்க அட்வைஸ். தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கறாங்க, உண்மையான முயல் நாலு காலோட முன்னாடி உக்காந்திருக்கு, அப்பவும்! "வாரா வாரம் ஷாம்பு போட்டு குளிப்பாட்டு"ங்கறாங்க. முயல் பூனை மாதிரி தன்னைத்தானே நக்கி சுத்தம் பண்ணிக்கும், தண்ணில முக்குனா பயத்துல ஷாக் ஆகும், முடி சீக்கிரம் காயாது, ஒடம்பு சில்லுன்னு ஆயி செத்தே போகலாம். "காதை புடிச்சு தூக்கு"ங்கறாங்க, காது புடிக்கற கைப்பிடி இல்லய்யா, பின்பக்கம் தாங்கலைன்னா அது ஒதைக்கற ஒதையில அதோட முதுகெலும்பே முறிஞ்சு போகும். அப்புறம் இந்த வீடியோ கும்பல், முயலை மல்லாக்க படுக்க வெச்சு "பாருங்க எவ்ளோ ரிலாக்ஸா தூங்குது"ன்னு போடறாங்க, லைக் வேற குவியுது. அது தூக்கம் இல்ல, வேட்டையாடற மிருகம் வாயில மாட்டிக்கிட்டோம்னு நெனச்சு ஒறைஞ்சு போய் கெடக்கு. நெஜமாவே சந்தோஷமா இருந்தா ஓடிக்கிட்டே அந்தரத்துல துள்ளி ஒடம்பை ஒரு முறுக்கு முறுக்கும். அது அழகுதான், அதை பாத்து சிரிச்சேன்தான், அதுக்காக என் கோவம் ஒண்ணும் கொறையல.

"முடியலன்னா ஏதாவது தோட்டத்துல விட்டுடேன், அது பொழைச்சுக்கும்"னு ஒருத்தர் கூலா சொன்னாரு. வீட்டுல வளந்த வெள்ளை முயல் எப்படி பொழைக்கும், நாய்க்கும் பூனைக்கும் காக்காவுக்கும் தூரத்துலேர்ந்தே பளிச்சுன்னு தெரியும், 28-30 டிகிரியை தாண்டுனாலே வெயில் தாங்காது, வேர்க்கவும் செய்யாது, காது வழியாத்தான் சூட்டை வெளிய விடும். அப்படியே பொழைச்சாலும் என்ன ஆகும்னு ஆஸ்திரேலியாவை கேளுங்க, 1859ல தாமஸ் ஆஸ்டின்னு ஒருத்தர் வேட்டையாடி பொழுது போக்க கொஞ்சம் முயலை வரவழைச்சு விட்டாரு, அது நாடு முழுக்க பரவி பயிரையும் புல்லையும் மொட்டையடிச்சு, 1950ல நோய்க்கிருமியை பரப்பி முயலை கொல்ற அளவுக்கு போனாங்க, குயின்ஸ்லாந்துல இன்னிக்கும் முயலை பெட்டா வளக்க தடை. பொழைச்சுக்குமாம்.

கடைசியா வந்த கூத்து இது. "பையன்தான், பயப்படாதீங்க"ன்னு சொல்லி குடுத்த முயல் பையன் இல்ல, பொண்ணு. குட்டியா இருக்கறப்ப பாத்து சொல்றது கஷ்டம்தான், தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல, அடிச்சு சொன்னாங்க. இதுல இதுக்கு "தனியா இருக்கு பாவம்"னு ஜோடி வாங்கி விட சொன்னவங்க ஏகப்பட்ட பேர், துணை வேணும்ங்கறது நெஜம்தான், ஆனா ஆபரேஷன் பண்ணாம ஆண் முயலை கொண்டாந்து விட்டிருந்தா சுமாரா 31 நாள்ல குட்டி, பெத்த அன்னைக்கே மறுபடியும் சினை, யோசிச்சாலே தலை சுத்துது. அப்படியே விட்டாலும் வயசாக ஆக கர்ப்பப்பையில புற்றுநோய் வர்ற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அதனால கருத்தடை பண்ணியே ஆகணும், அதுக்கு முயலுக்கு மயக்க மருந்து குடுத்து பழகின கை வேணும். நான் விசாரிச்ச எடத்துல எல்லாம் "மொத நாள் ராத்திரியிலேர்ந்து பட்டினி போடுங்க"ன்னு ஆரம்பிக்கறாங்க. வாந்தியே எடுக்காத ஜீவனுக்கு எதுக்கு பட்டினி, குடல் நிக்கறதுக்கா? அந்த வார்த்தையை கேட்டதும் போனை வெச்சுடறேன்.

முயலுக்கு ஸ்பே, அதான் அந்த கருத்தடை ஆபரேஷன், பண்ணி பழக்கம் இருக்கற டாக்டர் யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க, எவ்ளோ தூரமா இருந்தாலும் போறேன். "குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வை"ன்னு கேக்க வர்றவங்க மட்டும் தயவுசெஞ்சு இந்த பக்கமே வராதீங்க.