பெட்டியில் அச்சிட்ட வயது எதற்காக?

பிறந்தநாள் வீடுகளில் பரிசுப் பொருள்களைப் பிரிக்கும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு எனக்குக் கவலை தருகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு வந்த பெட்டியின் மேல் "3 வயதுக்கு மேல்" என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்ததும் உறவினர் யாராவது, "அதனால் என்ன, நம் பிள்ளை கெட்டிக்காரன், இப்பொழுதே விளையாடிவிடுவான்" என்பார். பெற்றோரும் பெருமையோடு பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவார்கள்.

அந்த எண் பெரும்பாலும் குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து அச்சிடப்படுகிறது. புத்திக்கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைக் குப்பி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பொம்மையோ, அதை இழுத்தும் முறுக்கியும் கீழே போட்டும் பார்க்கும்போது கழன்று வருகிற துண்டோ அந்தக் குப்பிக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அது அந்த வயதுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், அந்தக் குப்பியின் வாய் எவ்வளவு என்பது விளங்கும். எதையும் வாயில் வைத்தே அறிந்துகொள்ளும், கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைத்து முடியாத பருவம் அது. எழுத்துகளையும் எண்களையும் தடையின்றிச் சொல்லும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் மூச்சுக்குழாய் இரண்டு வயதுக்கு உரியதுதான்.

இதில் என்னை மிகவும் அச்சுறுத்துவது பட்டன் பேட்டரி. திருவிழாக் கடைகளில் தொங்கும், அழுத்தினால் பாட்டுப் பாடும் கைப்பேசி பொம்மை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியை இறுக்க ஒரு திருகாணி இருக்க வேண்டும். மலிவான பொம்மைகள் சிலவற்றில் திருகாணிக்கான குழி மட்டும் இருக்கும். நகத்தால் நெம்பினாலே மூடி கழன்று, சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரிகள் கையில் உதிரும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, சோடா உப்பு வகையைச் சேர்ந்த கடுமையான காரப்பொருள் (ஆல்கலி) உருவாகிச் சதையை அரிக்கத் தொடங்குகிறது. பெருஞ்சேதம் ஏற்பட இரண்டு மணி நேரம் போதும். பொம்மை பாடுவதை நிறுத்திவிட்டது, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. அதில் எஞ்சியிருக்கும் மின்னழுத்தமே புண்ணாக்கப் போதுமானது. எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் என்று அறிகுறிகள் சாதாரணச் சளியைப் போலவே தோன்றுவதால் வீட்டார் ஏமாந்துபோகக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

காந்தத் துண்டுகளும் இதே வரிசையில் வருபவை. இரண்டை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடலைத் துளைத்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல்லி மணிகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் கிழிசலும் தொண்டையை அப்படியே மூடிவிடக் கூடியவை. அண்ணன், அக்காவின் விளையாட்டுச் சாமான்கள் தரையில் இறைந்து கிடக்கும் வீடுகளில், தவழும் குழந்தைக்காகத் தனியாக எவ்வளவு பார்த்து வாங்கினாலும் போதாது.

ஆபத்தில்லாதது என்பதாலேயே ஒரு பொம்மை அந்த வயதுக்குப் பொருந்திவிடாது. பருவம் அறிந்து குழந்தையைப் பார்ப்பது நமக்குப் புதியதும் அன்று. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழின் இலக்கணம் ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணியையும், பதின்மூன்றாம் திங்களில் நடந்துவரும் வருகைப் பருவத்தையும் வைக்கிறது. மணல்வீடு கட்டும் சிற்றிலும் தேர் உருட்டும் சிறுதேரும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்லும் வளர்ச்சிப் படிகளும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், தாயின் முகத்தைவிடச் சிறந்த பொம்மை அதற்கு வேறில்லை. ஐந்தாறு மாதத்தில் பிடித்து ஆட்டக் கிலுகிலுப்பை போதும். ஒன்பது மாதத்தில் துணிக்கு அடியில் மறைத்த கிண்ணத்தைத் தேடி எடுப்பதும், டப்பாவில் போட்டதைக் கவிழ்த்துக் கொட்டுவதும் அதற்குப் பெரிய ஆராய்ச்சி. இரண்டு வயதை நெருங்கும்போது சொப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கிப் பரிமாறும் விளையாட்டில்தான் பேச்சும் கற்பனையும் சேர்ந்து வளர்கின்றன.

"தானே பேசிக் கற்றுக்கொடுக்கும்" என்று விற்கப்படும் மின்னணுப் பொம்மைகளைப் பற்றி ஒரு செய்தி. 10 முதல் 16 மாதம் வரையான குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆராய்ந்தது 26 இணைகளைத்தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும் மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள், கட்டைகளையும் புத்தகங்களையும் வைத்து விளையாடியபோது பேசியதைவிடக் குறைந்துபோயின என்ற அதன் முடிவு நாம் வீட்டிலேயே காணக்கூடியது. பொம்மை பேசும்போது தாய் வாயை மூடிக்கொள்கிறார்.

சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தையை உட்கார வைப்பதையும் நான் வன்மையாக எதிர்க்கிறேன். அது நடையைக் கற்றுத் தருவதில்லை. படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கொதிக்கும் பாத்திரத்துக்கும் அருகே நொடிப்பொழுதில் கொண்டு சேர்ப்பது மட்டும் உறுதி. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம்முடைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. தானாக எழுந்து நிற்கக் கற்ற குழந்தைதான், தன் காலில் எடையைத் தாங்கிக்கொண்டு அதைத் தள்ள முடியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சட்டமே ஓரளவு எளிதாக்கியிருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு, இறக்குமதியானவை உட்பட, ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், அது உண்மையானதா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இதில் விலக்கு உண்டு. அவர்களின் பிழைப்பைக் காக்கும் அந்த விலக்கை மனமார வரவேற்கிறேன். ஆயினும் மரம் என்றாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கில் தாவர நிறங்களைக் கலந்து பூசும் மரபு இருக்கிறது. அதே வடிவத்தில் சாதாரணப் பெயின்ட் அடித்த பொம்மைகளும் சந்தையில் கிடைக்கின்றன. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்காக வாங்கும்போது சாயம் எது என்று விற்பவரிடம் கேட்கிறேன். விளிம்பில் சிலாம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தும் பார்க்கிறேன். துணியில் நிறம் ஏறினால் அதை வாங்குவதில்லை.