கனடா எழுத்தாளர்களைப் படிக்க வேண்டுமென்றால் சிறுகதையில் தொடங்குங்கள்

கனடா எழுத்தாளர்கள் என்று பேச்செடுத்தாலே இங்கே கனடாவில் இருக்கிற நம் தமிழ் ஆட்கள் ஆலிஸ் மன்றோ, மார்கரெட் அட்வுட், மைக்கேல் ஒண்டாச்சி என்று மூன்று பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். மூவரும் பெரிய எழுத்தாளர்கள், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் மூவரும் எழுத வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது டொராண்டோவிலும் ஹாமில்டனிலும் எட்மன்டனிலும் உட்கார்ந்து யார் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டால் பேச்சு மூச்சு இருக்காது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடந்த ஐந்தாறு வருஷத்தில் இந்த நாட்டில் வந்த புனைவில் உருப்படியானது பெரும்பாலும் சிறுகதைத் தொகுப்புகளில்தான் இருக்கிறது, அதிலும் முதல் தொகுப்பு போடுகிறவர்களிடம். நாவலுக்கு விழுகிற வெளிச்சத்தில் கால்வாசிகூட இவர்கள் மேல் விழுவதில்லை.

சும்மா சொல்லவில்லை, கனடாப் புனைவுக்குக் கொடுக்கிற கில்லர் பரிசையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஜாக் ரபினோவிச் என்கிற தொழிலதிபர், பத்திரிகைக்காரரான தன் மறைந்த மனைவி டோரிஸ் கில்லர் நினைவாக ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு லட்சம் டாலர். நாவல், சிறுகதைத் தொகுப்பு இரண்டுமே போட்டியிடலாம் என்பதுதான் விதி. 1994-இலிருந்து 2025 வரை எடுத்துப் பார்த்தால் சிறுகதைத் தொகுப்பு ஜெயித்தது ஐந்தே முறை: 1998, 2004, 2006, 2013, 2020. அதிலும் முதல் இரண்டு ஆலிஸ் மன்றோவுக்கு. அதாவது மன்றோவைத் தள்ளிவிட்டால் முப்பது வருஷத்துக்கு மூன்று தொகுப்பு. 2022-இல் இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்தில் இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ராவி ஹாஜுடையதும் கிம் ஃபூவுடையதும். பரிசு வழக்கம்போல நாவலுக்குப் போனது. சுஸெட் மேயரின் அந்த நாவல் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பெரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருதுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2021-இல் நோர்மா டன்னிங்கின் ‘டைன்னா’ சிறுகதைத் தொகுப்புக்குக் கொடுத்தார்கள், 2023-இல் அனுஜா வர்கீஸின் ‘க்ரிசலிஸ்’ தொகுப்புக்கு. டன்னிங் இனுயிட் இனத்தவர், எட்மன்டன்காரர். அவருடைய கதைகளில் வருகிற இனுயிட் மக்கள் பனிப்பிரதேசத்தில் இல்லை, தெற்கே நகரங்களில் இருக்கிறார்கள். ‘எஸ்கிமோ’ என்றதும் இக்லூ, நாய்வண்டி என்று பள்ளிப் பாடப்புத்தகம் நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிற படம் இந்தப் புத்தகத்தில் எந்த வேலைக்கும் ஆகாது.

சரி, ஒருவரைப் பற்றியாவது விரிவாகச் சொல்ல வேண்டும். சுவன்கம் தம்மவோங்ஸா. தாய்லாந்தின் நோங் காய் ஊரில் இருந்த லாவோ அகதி முகாமில் 1978-இல் பிறந்து, டொராண்டோவில் வளர்ந்தவர். முதலில் கவிஞர், நான்கு கவிதைத் தொகுப்பு போட்டுவிட்டுத்தான் கதைக்கு வந்தார். 2020-இல் கில்லர் வாங்கிய அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ‘ஹௌ டு ப்ரனௌன்ஸ் நைஃப்’. தலைப்புக் கதையைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது கடைசிக் கதையை.

மண்புழு பொறுக்குகிற வேலை பற்றிய கதை அது. டொராண்டோவில் பல வருஷம் இருப்பவர்களுக்கே இப்படி ஒரு தொழில் இருப்பது தெரியாது. வட அமெரிக்காவில் தூண்டிலில் இரையாக மாட்டுகிற கொழுத்த மண்புழுக்களில் பெரும்பகுதி தென்மேற்கு ஒன்டாரியோ வயல்களிலிருந்துதான் போகிறது. புழு ராத்திரியில்தான் மேலே வரும், அதிலும் மண் ஈரமாக இருக்க வேண்டும். நெற்றியில் விளக்கு, கணுக்காலில் கட்டின டப்பா, முதுகை நிமிர்த்தவே முடியாமல் விடிய விடிய குனிந்தபடி பொறுக்க வேண்டும். ஆயிரம் புழுவுக்கு இவ்வளவு என்று கூலி. பல காலமாகவே புதிதாக வந்திறங்கிய குடியேறிகளின் வேலை இது. கதையில் ஒரு லாவோ அம்மாவும் பதின்வயது மகளும் போகிறார்கள். அம்மாதான் அந்த வயலிலேயே கெட்டிக்காரி, அவளை மாதிரி வேகமாகப் பொறுக்க ஆள் கிடையாது, அவளுக்கு அந்த வேலையில் ஒரு பெருமையும் இருக்கிறது. மகள் தன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பையன் ஒருவனையும் வேலைக்கு அழைத்துக்கொண்டு வருகிறாள். நல்ல பையன்தான். கொஞ்ச நாளில் அவனை மேலாளர் ஆக்கிவிடுகிறார்கள். அவனுக்குக் கீழே அம்மா.

அவ்வளவுதான் கதை. யாரும் யாரையும் திட்டவில்லை, அநியாயம் என்று ஒருவரும் கத்தவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் தான்தான் என்பது மகளுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும், ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டக்கூட மெனக்கெடவில்லை. இதையே ஒரு நாவலாசிரியர் எடுத்திருந்தால் அந்தப் பையனின் அப்பா யார், பண்ணை முதலாளி யார், லாவோஸில் அம்மா என்னவாக இருந்தாள் என்று நூற்றைம்பது பக்கம் ஓட்டியிருப்பார். எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதே தொகுப்பில் ஒரு முன்னாள் குத்துச்சண்டைக்காரன் தன் சகோதரியின் நெயில் சலூனில் வேலைக்குச் சேர்கிற கதை இருக்கிறது. எழுபது வயதுக் கிழவிக்கும் முப்பத்திரண்டு வயதுக்காரனுக்கும் நடக்கிற காதல் கதையும் உண்டு, அதைப் படித்துவிட்டு எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு பெரியவர்கள் முகத்தைச் சுளித்தது தனிக்கதை. 2025-இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘பிக் எ கலர்’ மறுபடியும் நெயில் சலூனுக்குள் போகிறது, மறுபடியும் ஒரு முன்னாள் குத்துச்சண்டைக்காரர், இந்த முறை பெண், அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர். வேலை செய்கிற எல்லோருக்கும் சட்டையில் ஒரே பெயர்: சூசன். வருகிற வாடிக்கையாளர்களுக்கு யார் யார் என்று வித்தியாசமே தெரியாது, இவர்களும் தெரியப்படுத்துவதில்லை, அவர்கள் தலைக்கு மேலேயே தங்கள் மொழியில் அவர்களைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் நடந்து முடிகிற கதை. இதுவும் கில்லர் வாங்கியது. நல்ல நாவல். ஆனால் பத்திரிகைகளில் ‘இப்போதுதான் நாவலுக்கு வந்திருக்கிறார்’ என்கிற தொனியில் எழுதியதைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினது என்ன, ஒத்திகையா?

இந்த நோய் பழசு. மன்றோவின் முதல் தொகுப்பு 1968-இல் வந்தது, வந்ததும் கவர்னர் ஜெனரல் விருது வாங்கியது. அப்படியும் அடுத்தது நாவல்தானே என்ற எதிர்பார்ப்பு அவரை விடவில்லை. 1971-இல் நாவல் என்று பெயர் போட்டு ஒன்று வந்தது, அதுவும் உள்ளே பார்த்தால் கோத்துவைத்த கதைகள்தான். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை, சிறுகதையை மட்டுமே வைத்துக்கொண்டு 2013-இல் நோபல் வாங்கினார். பதிப்பகங்கள் அதற்குப் பிறகாவது திருந்தியிருக்க வேண்டாமா?

மன்றோ பேச்சு வந்தபிறகு அந்த விஷயத்தைத் தொடாமல் போனால் நேர்மையில்லை. அவர் 2024 மே மாதம் இறந்தார். ஜூலையில் அவர் மகள் டொராண்டோ ஸ்டார் நாளிதழில் எழுதினார்: சிறு வயதில் மாற்றாந்தந்தை தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்தார், 1992-இல் அம்மாவுக்குக் கடிதம் எழுதிச் சொன்னேன், அம்மா அவரோடேயே வாழ்ந்தார் என்று. அந்த ஆள் 2005-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தும் வெளியுலகத்துக்கு இது வராமலே இருந்திருக்கிறது. புத்தகங்களைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, ‘படைப்பு வேறு ஆள் வேறு’ என்று கையைக் கழுவினவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. ‘வேண்டல்ஸ்’ என்று அவருடைய ஒரு கதை, 1993-இல் எழுதியது. குழந்தைகளிடம் தவறாக நடக்கிற ஒருவன், கூடவே இருந்து கண்ணை மூடிக்கொள்கிற ஒரு பெண், பிற்பாடு வளர்ந்து வந்து அந்த வீட்டையே அடித்து நொறுக்குகிற அந்தக் குழந்தை. மகளின் கடிதத்துக்கு அடுத்த வருஷம் வந்த கதை! அதை இப்போது படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அதே வீட்டில் இருந்திருக்கிறார். மன்றோவைப் படிக்காதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், கனடா சிறுகதை என்றால் முதலில் மன்றோ என்று புதியவர் கையில் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் இந்த ‘புலம்பெயர்ந்தோர் குரல்’ சமாச்சாரம். அனுஜா வர்கீஸ் ஹாமில்டனில் இருப்பவர். அவர் தொகுப்பில் பேய் உண்டு, தேவதைக் கதை உண்டு, கனவில் மறுபடி மறுபடி செத்துப்போகிற ஒரு பெண் இருக்கிறாள், பெண்ணைக் காதலிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். தீபா ராஜகோபாலனின் ‘பீகாக்ஸ் ஆஃப் இன்ஸ்டாகிராம்’ 2024-இல் கில்லர் இறுதிப் பட்டியல் வரை வந்த அவருடைய முதல் தொகுப்பு. காபிக் கடையில் மதிப்பில்லாமல் வேலை பார்க்கிற ஒரு பெண் மயில் நகைகளை இன்ஸ்டாகிராமில் போட்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துவிடுகிறாள் என்பது தலைப்புக் கதை. நக்கலும் பழிவாங்கலும் நிறைந்த கதைகள். இரண்டு புத்தகமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆனால் மதிப்புரை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இரண்டுக்கும் ஒரே சட்டையைத்தான் மாட்டுகிறார்கள்: அடையாளம், வேர், இரண்டு பண்பாட்டுக்கு நடுவே தவிப்பு. அட, வர்கீஸ் கதையில் வருவது பேய் ஐயா, அதற்கு என்ன வேர்த் தவிப்பு! ஒரு வெள்ளைக்காரர் நோவா ஸ்கோஷியா மீனவர்களைப் பற்றி எழுதினால் நடை, வடிவம், மௌனம் என்று பேசுவார்கள். இவர்கள் எழுதினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி படிப்பார்கள். நம் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை, ‘நம்ம கலாசாரத்தைக் கேவலப்படுத்தியிருக்கிறாளா இல்லையா’ என்பதற்கு மேல் கேள்வி எழுவதில்லை.

2025-இல் டிரம்ப் வரி போட்டதும் ஊர் முழுக்க ‘கனடாப் பொருளையே வாங்கு’ அலை. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினோம். புத்தகக் கடையிலும் மேப்பிள் இலை ஒட்டி வைத்தார்கள், நல்லதுதான். ஆனால் ‘கனடாவின் பதிப்பகம்’ என்று நாம் பெருமைப்படுகிற மெக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட் 2012-லிருந்து முழுக்க ரேண்டம் ஹவுஸ் (இப்போது பெங்குவின் ரேண்டம் ஹவுஸ்) கையில் இருக்கிறது, அதன் முதலாளி ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான். எழுத்தாளர் கனடாக்காரர், சரி, காசு வேறெங்கோ போகிறது. விண்ட்சரில் இருக்கிற பிப்லியோஆசிஸ், டொராண்டோவில் கோச் ஹவுஸ், அனன்சி போன்ற சுதந்திரப் பதிப்பகங்கள்தான் விற்காது என்று தெரிந்தே சிறுகதை போடுகின்றன. வர்கீஸ், ராஜகோபாலன் இருவர் புத்தகமும் அனன்சி போட்டதுதான். ‘பெஸ்ட் கனேடியன் ஸ்டோரீஸ்’ என்று வருஷாவருஷம் வருகிற தொகுப்பு இப்போது பிப்லியோஆசிஸ் பொறுப்பில் இருக்கிறது. யார் புதிதாக எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சிற்றிதழில் வந்த கதைகளிலிருந்து எடுத்துக் கொடுத்துவந்த ஜர்னி பரிசும் அப்படித்தான். 2017-இல் அதை வாங்கியவர் ஷரன் பாலா, நியூஃபவுண்ட்லாந்தில் வசிக்கும், இலங்கை வேர் கொண்ட எழுத்தாளர். அடுத்த வருஷம் ‘தி போட் பீப்பிள்’ நாவல் வந்தது. 2010-இல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த எம்.வி. சன் சீ கப்பலை அடியாக வைத்து எழுதியது. அந்தக் கப்பலைப் பற்றி டொராண்டோவில் வாய் ஓயாமல் பேசின நம்மில் எத்தனை பேர் அந்த நாவலைத் தொட்டிருப்போம்?

தமிழிலேயே எழுதுகிறவர்கள் கதை இன்னும் கொடுமை. அ. முத்துலிங்கம் 1964-இல் ‘அக்கா’ தொகுப்பு போட்டவர், டொராண்டோவில் உட்கார்ந்து எழுதிய கதைகளில் கனடாவின் பனியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அத்தனை இயல்பாக வருகிறார்கள். அவர் கனடா எழுத்தாளர் இல்லையென்றால் வேறு யார்? ஆனால் கவர்னர் ஜெனரல் விருதில் ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டே பந்தி. கில்லரோ ஆங்கிலத்தில் வந்த புத்தகத்துக்குத்தான், மொழிபெயர்ப்பையும் ஏற்கிறார்கள். 2024 இறுதிப் பட்டியலில் எரிக் ஷாக்கூரின் நாவல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததுதான். அப்படியானால் கனடாவில் எழுதப்பட்ட ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பை நல்ல ஆங்கிலத்தில் கொண்டுவந்து இங்கேயே ஒரு பதிப்பகத்தைப் போட வைத்தால் அந்த வாசலில் நிற்கலாம். இத்தனை விழா எடுக்கிறோம், பொன்னாடைக்கு ஆகிற காசில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கலாம்.

எதில் தொடங்குவது என்று கட்டாயம் கேட்பீர்கள். தம்மவோங்ஸாவின் சிறுகதைகள், அப்புறம் வர்கீஸ், அப்புறம் டன்னிங். புதுப்புத்தகம் 25 டாலர், அதற்கு மேலும் போகிறது, எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை, நூலகத்தில் எடுங்கள். எடுத்தால் எழுத்தாளருக்கு ஒன்றும் போகாது என்று நினைக்க வேண்டாம், நூலகங்களில் புத்தகம் இருப்பதற்காக எழுத்தாளர்களுக்கு வருஷாவருஷம் பணம் கொடுக்கிற திட்டம் இங்கே 1986-லிருந்து இருக்கிறது. உங்கள் கிளையில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். ‘பிக் எ கலர்’ கேட்டால் பெரிய வரிசை இருக்கும், சிறுகதைத் தொகுப்பு அநேகமாக அன்றைக்கே கிடைத்துவிடும்.