தீத்தடுப்பு நுரையும் நச்சுப்புகையும்
சுரங்கச் சுவரில் பூசும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் நுரையில் தீத்தடுப்பு வேதிப்பொருளைக் கலந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தீப்பற்றுவதைத் தாமதப்படுத்துமே தவிர, பெருந்தீயில் அந்த நுரையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுக்கள் வெளிப்படுவதைத் தடுத்துவிடாது. தென்னாப்பிரிக்காவின் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் 1986 செப்டம்பர் 16 அன்று வெல்டிங் வேலையின்போது எழுந்த தீ, மின்கம்பிகளின் பிளாஸ்டிக் உறைக்கும் சுவர் நுரைக்கும் பரவி 177 தொழிலாளர்கள் இறந்தார்கள்; பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். இதே நுரையைத்தான் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில், ஐஸ் சீக்கிரம் உருகாதிருக்க, விசைப்படகுகளின் மீன் அறைச் சுவரில் நிரப்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்தில் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு படகில் வெல்டிங் தீப்பொறி மீன் அறைச் சுவரில் நுரை நிரப்பிய இடுக்கில் விழுந்தபோது, சுடர் கண்ணுக்குத் தெரியுமுன்பே உள்ளே நின்ற என் மைத்துனர் மயங்கிச் சரிந்தார். கயிறு கட்டி உடனே மேலே தூக்கியதால்தான் பிழைத்தார். தலைக்கு மேல் வானம் திறந்திருந்த இடத்திலேயே இந்த நிலை. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஈரத்துணி கரித்துகளை ஓரளவு தடுக்கலாம், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, சுரங்கத் தொழிலாளர் இடுப்பில் சுமந்து செல்லும் சுவாச மீட்புக் கருவி அதற்காகத்தான் இருக்கிறது.