பிளேட்லெட் இருக்கட்டும், பிசிவி எவ்வளவு?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம்மூர் வாட்சப் குழுக்களில் இரண்டு கணக்குகள் ஓயாமல் ஓடும். ஏரியில் தண்ணீர் எத்தனை அடி என்பது ஒன்று. யாருக்குப் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, எத்தனை ஆயிரம் என்பது இன்னொன்று. "மச்சான் பையனுக்கு அறுபதாயிரமாம்", "எதிர்வீட்டு அக்காவுக்கு முப்பத்திரண்டுக்கு வந்துடுச்சாம், ஏத்தணுமாம்". டெங்கு என்றாலே பிளேட்லெட் என்று 2012-லும், தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் படுத்த 2017-லும் டிவியும் பேப்பரும் சேர்ந்து நம் தலையில் ஏற்றிவிட்டன. அது இன்னும் இறங்கவில்லை. ஆபத்தை நாம் தவறவிடுவதற்குப் பெரிய காரணம் இந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் என்பது என் கருத்து.

டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் கசிவு. நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. ஆனால் குழாய்க்குள் இருப்பது, அடுப்பில் விட்ட குழம்பு மாதிரி வற்றிக் கெட்டியாகும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், உறுப்புகளுக்குப் போவதும் குறையும். பெரிய ரத்தப்போக்கு வருகிற நோயாளிகளில் பலருக்கு, அதற்கு முன்பே பல மணி நேரம் யாரும் கவனிக்காத ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை, இருந்திருக்கும். அதாவது வரிசையில் முதலில் நிற்பது கசிவு.

அந்தக் கசிவைக் காட்டும் எண் நம் கையில் இருக்கும் அதே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) தாளில்தான் இருக்கிறது. எல்லோரும் பிளேட்லெட் வரிக்கு நேராகத் தாவுகிறோம். அதற்குச் சில வரிகள் மேலே பிசிவி என்றோ ஹெமடோக்ரிட் என்றோ போட்டிருக்கும். நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்பது அதன் பொருள். நீர் கசிந்தால் இது ஏறும். ஒருவருடைய வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால், உதாரணமாக 40 இருந்தது 48 ஆனால், கணிசமான கசிவு நடக்கிறது.

இங்கேதான் ஒரு பொறி. நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்கள் குறைவு. ஹீமோகுளோபின் 10 உள்ள ஒருவருக்கு பிசிவி 30 அளவில்தான் இருக்கும். அவருக்கு டெங்குவில் அது 36-க்கு ஏறினால் 20 சதவீத ஏற்றம். ஆனால் லேப் தாளில் பெண்களுக்கு 36 முதல் 46 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். தடித்த எழுத்தில் வராது, அம்புக்குறி வராது. "பிசிவி நார்மல்" என்று மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். அதனால்தான் காய்ச்சலின் முதல் இரண்டு நாட்களுக்குள் ஒரு சிபிசி எடுத்து வைத்துக்கொள்வது முக்கியம். அன்றைக்குப் பிளேட்லெட் இரண்டு லட்சம் என்று வரும், "காசு தண்டம்" என்று தோன்றும். தண்டமில்லை, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதல் பிசிவிதான் அடிப்படை. அதை எடுக்கவில்லையென்றால் பழைய ஃபைலைத் தேடுங்கள். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பார்த்த ஹீமோகுளோபின் எண்ணை மூன்றால் பெருக்கினால் அவருடைய வழக்கமான பிசிவி தோராயமாகக் கிடைக்கும்.

அடுத்தது நாள் கணக்கு. டாக்டரிடம் போன நாளிலிருந்து எண்ணாதீர்கள். உடம்பு முதலில் சுட்ட நாள்தான் முதல் நாள். "புதன் ராத்திரி" என்று காலண்டரிலேயே எழுதிவிடுங்கள். டெங்குவில் கசிவு காலம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், காய்ச்சல் இறங்குகிற வேளையில் தொடங்கும். ஒன்று முதல் இரண்டு நாள் நீடிக்கும். மற்ற எந்தக் காய்ச்சலிலும் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. இதில் மட்டும் அப்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும். "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், பாவம் அசதியில தூங்கிட்டே இருக்கான்" என்று அம்மா சொல்லும் ஐந்தாம் நாள் குழந்தைதான் வார்டில் எல்லோரையும் ஓட வைக்கிற குழந்தை. காய்ச்சல் விட்டபின் பசி எடுத்து, எழுந்து உட்கார்ந்து, சண்டை போட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்வு கூடினால் நல்லதல்ல. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க லேப் வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இன்னும் உண்டு. விடாத வயிற்றுவலி, குறிப்பாக வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினால் வலிப்பது. இருபத்துநான்கு மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தி. ஈறிலோ மூக்கிலோ ரத்தம். தார் போலக் கறுத்த மலம். பெண்களுக்குத் தேதிக்கு முன்பே மாதவிடாய் வருவதும் வழக்கத்தை விட அதிகமாகப் போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும், கேட்காமல் யாரும் சொல்வதில்லை. காரணமில்லாத எரிச்சல், நிலைகொள்ளாமல் புரள்வது, அல்லது நேர்மாறாக மந்தமாகிவிடுவது. சிறுநீர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். காலையில் போனவர் மதியம் வரை போகவில்லையென்றால் அது செய்தி.

கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். நெற்றி இதமாக இருக்கிறது, உள்ளங்கால் மட்டும் சில்லென்று ஈரமாக இருக்கிறதா? விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் உடனே கிளம்பவும்.

பிபி கருவி இருக்கிற வீடுகளில் இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். 110/90 காட்டும். "பிபி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கழித்துப் பாருங்கள், இருபது. வழக்கமாக நாற்பதுக்கு அருகில் இருக்க வேண்டியது. குழாயில் நீர் குறையும்போது உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்துக் கீழ் எண்ணை மேலே தள்ளுகிறது. மேல் எண் விழுவது கடைசியில்தான். வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே அது ஷாக். கொடுமை என்னவென்றால், நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். பேசுகிற ஆளைப் பார்த்து யாருக்கும் அவசரம் தோன்றாது.

சரி, பிளேட்லெட்டுக்கு வருவோம். அது வேகமாக விழுவது கசிவு காலம் நெருங்குகிறது என்பதற்கான சைகை, அந்த வகையில் உபயோகம்தான். அதற்கும் முன்பே வெள்ளணு மொத்த எண்ணிக்கை 4,000, 3,000 என்று இறங்கியிருக்கும், அதையும் கவனியுங்கள். ஆனால் ரத்தப்போக்கு எதுவும் இல்லாதவருக்கு எண்ணைப் பார்த்துப் பயந்து பிளேட்லெட் ஏற்றுவதில் பலனில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-மும் அதற்குக் குறைவாகவும் இருந்த பெரியவர்களிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஏற்றியவர்களுக்கு ரத்தப்போக்கு குறையவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. ரத்தப்போக்கு இல்லாதபோது 10,000-க்குக் கீழே போனால் யோசிக்கலாம் என்பதுதான் இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலும். நாற்பதாயிரத்துக்கு டோனர் தேடி முகநூலில் பதிவு போடுகிற வேகத்தில் பாதியை, அன்றைய பிசிவி என்ன என்று கேட்பதில் காட்டினால் போதும். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் பற்றி இங்கே சண்டை வேண்டாம். நம்பிக்கை இருப்பவர்கள் குடிக்கட்டும். வாந்தி எடுக்கிற பிள்ளையின் வாயில் கசப்பை ஊற்றி மேலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதைக் கொடுத்துவிட்ட தைரியத்தில் ஐந்தாம் நாள் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாத்திரையில் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180. குளறுபடி பாட்டிலில்தான் நடக்கிறது. 5 மில்லியில் 125 உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பச்சைக் குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். "அஞ்சு மில்லி குடுங்க" என்பதை மட்டும் நினைவில் வைத்து டிராப்ஸில் ஐந்து மில்லி கொடுத்தால் 500 உள்ளே போய்விடும். டெங்குவில் கல்லீரல் ஏற்கெனவே வீங்கி நொந்திருக்கும். புரூஃபன், மெஃப்தால், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை எதுவும் கூடாது. வயிற்றில் ரத்தம் கசிய அவை வழி செய்யும். உடம்பு வலிக்கு இடுப்பில் போடும் "ஒரு ஊசி"யும் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

குடிக்க வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புச் சத்தும் சேர வேண்டும். கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர், ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டால் விகிதம் கெடும். 4.2 கிராம் சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. கலர் கலராக டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. பொட்டலத்தின் மேல் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள்.

குடித்தது வாந்தியில் போய்க்கொண்டே இருந்தால் டிரிப்ஸ் வேண்டும், உண்மைதான். ஆனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு "வீட்டுக்குப் போங்க" என்பது சிகிச்சையே அல்ல. எடைக்கு ஏற்ப மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்கிட்டு, நாடி, பிபி, சிறுநீர், பிசிவி பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும், குறைக்கவும் வேண்டும். கசிவு நின்றபின் வெளியே போன நீரெல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இலங்கையில் 2017-ல் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான பெருந்தொற்றிலும் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அங்கே வார்டுகளில் இந்த நீர்க்கணக்கை மணிக்கு மணி தாளில் எழுதிப் பழகியிருந்தார்கள்.

டெங்குதானா என்பதே தனிக் கேள்வி. ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 முதல் ஐந்து நாட்களுக்கான டெஸ்ட். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் நம்பத்தக்க அளவில் தெரியும். ஆறாம் நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று மகிழ்வதும், இரண்டாம் நாள் ஐஜிஎம் நெகட்டிவ் என்று மகிழ்வதும் ஒன்றுதான். ஐஜிஎம் பாசிட்டிவ் இரண்டு மூன்று மாதம் நிற்கும் என்பதால், போன மாதத்துக் காய்ச்சல் இன்றைய தாளில் வரலாம். சில நிமிடங்களில் முடிவு காட்டும் கார்டு டெஸ்டை விட, ஆய்வகக் கருவியில் செய்யும் எலைசா நம்பகமானது, பெரிய அரசு மருத்துவமனைகளில் இலவசம். காய்ச்சல் வந்த மறுநாளே டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட் எடுத்து "டைபாய்டு" என்று முத்திரை குத்துவதை என்றைக்கு நிறுத்துவார்களோ தெரியவில்லை.

பிளேட்லெட் குறைந்ததெல்லாம் டெங்குவும் இல்லை. உண்ணிக் காய்ச்சலிலும் குறையும், எலிக்காய்ச்சலிலும் குறையும், மலேரியாவிலும் குறையும். காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டியும் போகவில்லையென்றால் டெங்கு என்ற சொல்லையே சந்தேகப்படுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்புக் கயிறு கட்டும் இடம், காதுக்குப் பின்னால் என்று முழுதாகத் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி, வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் கையெழுத்து. விலை மலிந்த டாக்ஸிசைக்ளின் அதைக் கேட்கும். டெங்கு என்று சொல்லிப் பத்து நாள் வெறும் டிரிப்ஸில் வைத்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போய்விடும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை சேர்ந்து வந்து, வெள்ள நீரில் நடந்தவர் என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள்.

அவசரப் பிரிவுக்குப் போய் நிற்கும்போது "பிளேட்லெட் நாற்பதாயிரம் சார்" என்று தொடங்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "இன்னைக்கு அஞ்சாவது நாள். நேத்து சாயங்காலம் ஜுரம் விட்டுச்சு. காலையிலிருந்து நாலு தடவை வாந்தி, வயிறு வலிக்குதுங்குறா. காலை ஏழு மணிக்கு அப்புறம் யூரின் போகலை. முதல் நாள் பிசிவி 31, இன்னைக்கு 37." தாள்கள் இரண்டையும் தேதி வரிசையில் கையில் வைத்திருங்கள்.