விசுவாசமா, வேறு வழியில்லையா?

நண்பர் ஒருவர் தன் கம்பெனியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தார். 20 வருடத்தைத் தாண்டியவர்கள் மட்டும் அங்கே 40 பேர் இருக்கிறார்களாம். "பிடிக்காமலா இத்தனை வருஷம் இருப்பாங்க?" என்று கேட்டிருந்தார். பிடிக்காமலும், துன்புறுத்தலைத் தாங்கிக்கொண்டும் இருப்பவர்கள் உண்டு என்று அவருக்குச் சொல்ல நினைத்ததுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் ஹெச்.ஆர். உதவியாளராக இருந்தேன். ஓர் ஆயுத பூஜை அன்று, பேக்கிங்கில் 22 வருடம் வேலை பார்த்த ஓர் அக்காவை மேடையேற்றி, சால்வை போட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்து, "விசுவாசம்னா என்னன்னு இவங்ககிட்டத்தான் கத்துக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். பொரி, சுண்டல் எல்லாம் முடிந்து வேனுக்குக் காத்திருந்தபோது, "இன்னும் மூணு வருஷம் போனா வெள்ளி விழாக்கா" என்று அவரிடம் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். விளக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "போறதுக்கு ஒரு இடம் இருந்திருந்தா எப்பவோ போயிருப்பேன் கண்ணு" என்றார். அதற்குள் வேன் வந்துவிட்டது.

அவருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அந்த ஃப்ளோர் இன்சார்ஜ், அவர் எழுந்து போகும்போதெல்லாம் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவார். டேபிள் மொத்தமும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

பின்னால் தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்தபோதுதான் அந்த அக்கா சொன்னதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நாம் பொத்தாம்பொதுவாகக் 'கமிட்மென்ட்' என்று சொல்வதை 1991-ல் மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். வேலை பிடித்துப்போய் இருப்பது ஒன்று. விட்டுப்போனால் நஷ்டம் என்பதால் இருப்பது இன்னொன்று. போவது முறையில்லை, நன்றி கெட்டதனம் என்று நினைத்து இருப்பது மூன்றாவது. மூன்று பேருமே காலை எட்டரைக்கு வந்து பஞ்ச் வைப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் யார் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியாது. வேலையில்தான் தெரியும். உணவு நிறுவனம் ஒன்றின் கீழ்நிலை மேலாளர்களை வைத்து மேயரும் வேறு சில சக ஆய்வாளர்களும் 1989-ல் செய்த ஆய்வில், பிடித்து இருப்பவர்களுக்கு மேலதிகாரிகள் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். நஷ்டத்துக்குப் பயந்து இருப்பவர்கள் குறைவாகத்தான் வாங்கியிருந்தார்கள். அதாவது, "நம்மை விட்டால் இவனுக்கு வேறு கதியில்லை" என்று சந்தோஷப்படும் முதலாளி தன் கையையே சுட்டுக்கொள்கிறார்.

விட்டுப்போனால் நஷ்டம் என்பது எங்கள் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. தீபாவளி போனஸ். தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி வேன். மகள் காலேஜ் ஃபீஸுக்கு வாங்கி, மாதம் ஆயிரமாகக் கழிந்துகொண்டிருக்கும் அட்வான்ஸ். குழுக் கடன். இதில் எதையுமே வேலை மீதுள்ள பாசம் என்று சொல்ல முடியாது. மூன்றாவது ரகம் நம்மிடம் இன்னும் கனமானது என்பது என் சொந்த அபிப்பிராயம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த ஊர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலாளி பத்தாயிரம் கொடுத்தார் என்பதற்காகப் பத்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவரை எனக்குத் தெரியும்.

சரி, இங்கே துன்புறுத்தல் எங்கே வருகிறது? பணியிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லையைப் பற்றி ஏற்கெனவே வந்திருந்த 41 ஆய்வுகளை, ஏறக்குறைய 70,000 பேரின் பதில்களை, ஒன்றாகச் சேர்த்து அலசி 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. தொல்லைக்கு ஆளானவர்களிடம் வேலைத் திருப்தியும் நிறுவனத்தின் மீதான பற்றும் குறைகின்றன, உடம்பும் மனசும் கெடுகின்றன என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. தொல்லை எங்கே அதிகம் நடக்கிறது என்பதற்கும் ஒரு பதில் கிடைத்தது: "இங்க இதெல்லாம் சகஜம், யாரும் கேக்க மாட்டாங்க" என்ற நினைப்பு ஊறிப்போன இடங்களில். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பிடித்து இருந்த ஆள் துன்புறுத்தலுக்குப் பிறகு உடனே போய்விடுவதில்லை. ரகம் மாறி, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி மறுபடியும் அவருக்குச் சால்வை போடுகிறது.

துன்புறுத்தல் என்றாலே கை வைப்பது, கெட்ட வார்த்தை என்றுதான் நினைக்கிறோம். 1980-களில் ஸ்வீடனில் இதை ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 45 செயல்களைப் பட்டியல் போட்டார். பகலில் வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் கூடித் துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகளின் அந்த நடத்தைக்கு ஆங்கிலத்தில் 'மாபிங்' என்று பெயர். அதே சொல்லைத்தான் அவரும் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை சின்னச் சின்ன விஷயங்கள். பேச்சுக் கொடுக்காமல் இருப்பது, ஆளே இல்லாத மாதிரி நடந்துகொள்வது, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது. அப்படியே படித்துக்கொண்டு போனபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: கேலி செய்வதற்காக ஒருவருடைய நடையை, குரலை, சைகையை அதேபோல் செய்து காட்டுவது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வாரம் ஒரு தடவையாவது, குறைந்தது ஆறு மாதம் நடந்தால்தான் அதைத் துன்புறுத்தல் என்று எண்ணுவேன் என்பது லேமன் வைத்த கணக்கு. எங்கள் ஃப்ளோரில் அது தினமும் நடந்தது. எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது.

பாதிக்கப்பட்டவர்களே அதற்குப் பெயர் வைப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். 2003-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுத் தொகுப்பில், "உங்களுக்குப் பாலியல் தொல்லை நடந்ததா?" என்று நேராகக் கேட்டபோது ஆம் என்ற பெண்கள் சராசரியாக 24 சதவீதம். "இப்படிப் பேசினார்களா, இப்படி நடந்துகொண்டார்களா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டபோது அதுவே 58 சதவீதம். நான் வேலையை விட்டுப்போகிறவர்களுக்குக் கொடுத்த ஃபார்மில் "ஏதேனும் தொந்தரவு இருந்ததா?" என்று ஒற்றைக் கேள்விதான் இருக்கும். எட்டு வருடமும் அதில் "இல்லை" என்றுதான் வாங்கி ஃபைல் பண்ணியிருக்கிறேன்.

அப்புறம் சாதி. நம் ஊரில் அதை யாரும் நேராகக் கேட்பதில்லை. "நேட்டிவ் எது? அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்பார்கள். அதிலும் பிடிபடாவிட்டால், "குலதெய்வம் எதுங்க?" என்று வரும். இன்டர்வியூவிலேயே இது நடப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுரீந்தர் ஜோட்கா, கேத்ரின் நியூமன் என்ற சமூகவியலாளர்கள் பெரிய நிறுவனங்களின் ஹெச்.ஆர். மேலாளர்கள் 25 பேரிடம் பேசி 2007-ல் எழுதியதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. எல்லோரும் திறமையைத்தான் பார்க்கிறோம் என்பார்கள், கூடவே குடும்பப் பின்னணியையும் தவறாமல் விசாரிப்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் அதே வருடம் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தவரிடம் நீங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். மறுபடி அந்த வரிசையில் போய் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவரை உள்ளேயே நிறுத்தி வைப்பதில் வெளியே இருக்கும் பாகுபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

"கமிட்டி இருக்கே, புகார் கொடுக்க வேண்டியதுதானே?" என்பார்கள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். எங்களிடமும் இருந்தது, சுவரில். பையர் ஆடிட், அதாவது துணி வாங்கும் கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் முந்தின நாள் ராத்திரி புதிதாக லேமினேஷன் போட்டு கேன்டீன் பக்கம் ஒட்டுவேன். அதில் உறுப்பினராக இருந்த ஒரு பெண் வேலையை விட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இது பாலியல் தொல்லைக்கான குழு. நடையைக் கேலி செய்தால், தெருப் பெயரைக் கேட்டால் எங்கே போவது? அதற்குச் சுவரில் இடம் இல்லை.

புகார் கொடுக்காமல் இருப்பவர்கள் அசடுகள் அல்ல. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 2016-ல் வந்த அறிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேர் மேலாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசவே இல்லை. வாய் திறந்தவர்களின் கதையையும் அதே அறிக்கை சொல்கிறது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட ஓர் ஆய்வில், தங்களுக்கு நடந்ததை எதிர்த்துப் பேசியவர்களில் 75 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் பழிவாங்கப்பட்டிருக்கிறார்கள். முதல் கூட்டம் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறது.

மாற்றம் வரவே வராது என்று சொல்லவில்லை. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் 2021-ல் தன் மேற்பார்வையாளராலேயே கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அதில் துணி வாங்கும் பிராண்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. தொழிலாளிகளிலிருந்தே ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, ஃப்ளோரிலேயே கண்காணிக்க வைத்தார்கள். பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் அத்தனை கொடூரமாகச் செத்த பிறகுதான் இது வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. தனக்கு எதுவும் நடக்காவிட்டாலும், பெண்களை மட்டமாக நடத்துவதைத் தினமும் பார்க்கிற ஆண், பெண் இருவருக்குமே மனநலமும் வேலைத் திருப்தியும் குறைவதாகச் சொல்கிறார்கள். சிரித்தவர்களைப் பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த மறு மாதமே அந்த அக்கா நின்றுவிட்டார், வெள்ளி விழாவுக்கு ஒரு வருடம் இருக்கும்போது. ராஜினாமாக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "என்னக்கா எழுத?" என்றேன். ஜன்னல் வழியாக ஃப்ளோரை ஒரு தடவை பார்த்தார். "உடம்புக்கு முடியலைன்னு எழுது கண்ணு" என்றார். அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று மணி வேனுக்குப் போய்விட்டார்.