எலைட் ஃபோர் ஆட்சியாளர்களா?

போகிமான் என்னும் விந்தை உயிரினங்களைப் பழக்கிச் சண்டையிடும் வீடியோ கேம்களில், லீக் என்ற போட்டி அமைப்பின் உச்சியில் நிற்கும் எலைட் ஃபோர் எனும் நான்கு வீரர்களும் அவர்களுக்கு மேலுள்ள சாம்பியனும்தான் அந்த உலகின் அரசாங்கம் என்ற கருத்து ரசிகர்களிடையே வெகுகாலமாக உலவி வருகிறது. நாடாளுமன்றமோ பிரதமரோ கண்ணில் படாத உலகில் வலிமை மிக்கவரே ஆள்வார் என்று எண்ணுவது இயல்புதான். ஆயினும் எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. அவர்களிடம் இருப்பது மக்களின் மதிப்பேயன்றி ஆணையிடும் அதிகாரம் அன்று.

எதிர்த்தரப்பினர் முதலில் சுட்டுவது சாம்பியன் லான்ஸை. 1999இல் வெளிவந்த கோல்ட், சில்வர் கேம்களில், மஹோகனி ஊரின் கடை ஒன்றுக்குள் நுழையும் அவர், தம் போகிமான் டிராகோனைட்டின் ஹைப்பர் பீம் தாக்குதலால் அங்கிருந்த டீம் ராக்கெட் என்ற குற்றக் கும்பலின் ஆளை வீழ்த்திவிட்டு, மறைவான படிக்கட்டு வழியே நிலவறைக்குள் இறங்குகிறார். ஆனால் எந்தப் பதவியும் இல்லாத, கேமில் நாம் இயக்கும் சிறுவனும் அவருடன் இறங்கி, பாதி வேலையைத் தானே முடிக்கிறானே! லான்ஸ் அங்கே செய்வது துணிவுள்ள ஒரு குடிமகனின் செயல். 1996இல் வந்த முதல் கேம்களில், சஃப்ரான் நகரின் சில்ஃப் நிறுவனத்தை அதே கூட்டம் கைப்பற்றியபோது நால்வரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கூட்டத்தின் தலைவன் ஜியோவானியோ விரிடியன் நகரின் ஜிம் லீடராகவே, அதாவது லீக்குக்குச் செல்லும் முன் போட்டியாளர்கள் வெல்ல வேண்டிய ஊர்த் தலைமை வீரனாகவே, அமர்ந்திருந்தான்.

என்னை முழுமையாக நம்பவைத்தது 2010இல் வந்த பிளாக், ஒயிட் கேம்களின் கதை. போகிமான்களை மனிதரிடமிருந்து விடுவிக்க விரும்பும் ‘N’ என்ற ஓரெழுத்துப் பெயருடைய இளைஞன், சாம்பியன் ஆல்டரை வென்றே விடுகிறான். சாம்பியன் பதவிக்கு ஆட்சி அதிகாரம் இருந்திருந்தால், அவன் ஒரு சட்டம் போட்டு அன்றே காரியத்தை முடித்திருக்கலாம். அதற்கு மாறாக, அக்கதை நடக்கும் யுனோவா பகுதியின் தொன்மக் கதையில் வரும் டிராகன் தன்னை நாயகனாக ஏற்றதை மக்கள் காண வேண்டும், கண்டு தாமாகவே மனம் மாற வேண்டும் என்பதுதான் அவனது கூட்டமான டீம் பிளாஸ்மாவின் கணக்கு. அதே யுனோவாவில் ஒப்பலூசிட் நகரின் மேயராக இருப்பவர் டிரேடன். ஆட்சிப் பொறுப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பதவி இருக்கிறது.

2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட் கேம்களில் பால்டியா பகுதியின் சாம்பியனான கீட்டா மட்டும் சற்றுச் சிக்கலானவர். லீக்கின் தலைமையும் அகாடமி என்ற பள்ளியின் நிர்வாகப் பொறுப்பும் அவரிடமே உள்ளன. எனினும் அவை நிறுவனப் பதவிகள். சண்டையில் அவரை வென்று சாம்பியன் தகுதி பெறும் மாணவர்க்கு அந்த நாற்காலிகள் கிடைப்பதில்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது 2019இன் ஸ்வோர்ட், ஷீல்ட். அந்தக் கேம்கள் நடக்கும் காலார் பகுதியின் ஆற்றல் வளம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தீர்ந்துவிடும் என்று அஞ்சும் லீக் தலைவர் ரோஸ், உடனே செயல்பட வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். மறுநாள் போட்டி முடியட்டும் என்கிறார் தோல்வியே அறியாத சாம்பியன் லியோன். ரோஸ் காத்திருக்கவில்லை. நாடே கொண்டாடும் சாம்பியனால் அவரைத் தடுத்து நிறுத்த ஓர் உத்தரவுகூடப் போட முடியவில்லை. தம் போகிமான்களுடன் நேரில் சென்று போராடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.